தாய்மாமன் இலை

தாராளமா சாய்ஞ்சு உட்காருங்க அண்ணாச்சி. எதுக்கு ஜன்னலோட ஒட்டிக்கிட்டு இருக்கீங்க? மூணு பேர் சீட்டு, நாம ரெண்டே பேர். மதுரையில கிளம்புற பஸ்ஸுல இப்படி இடம் கிடைக்கிறது அதிசயம். இன்னைக்கு எனக்கு எல்லாமே அப்படித்தான் நடக்குது. ரோட்டைக் கடக்கிறேன், வர்ற பஸ்ஸும் ஆட்டோவும் தானா நின்னு வழி விடுது. ஒருத்தன் திட்டல, ஒருத்தன் ஹாரன் அடிக்கல. மதுரைக்காரங்களுக்கு வயசானவங்க மேல அவ்வளவு மரியாதை.

நான் சாத்தூர். பேரு வீரபுத்திரன். மிளகாய்க் கமிஷன் கடையில தராசு பிடிச்சவன், இப்பப் போறதில்ல. நீங்க கோவில்பட்டி வரைக்குமா? நல்லதாப் போச்சு. தனியா வந்தவனுக்குப் பேச்சுத்துணை.

என்ன சிரிப்பு? தனியாத்தான் வந்தேன். என் வீட்டுக்காரி சீனியம்மா இருக்காளே, எனக்குத் தலையில அடிபட்டதிலிருந்து தெருமுனை டீக்கடைக்குக்கூட என்னைத் தனியா விட மாட்டா. இன்னைக்கு மதுரைக்கு நான் மட்டும் போறேன்னு சொன்னதும், "சரி, போயிட்டு வாங்க"ன்னுட்டா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நான் போட்ட சத்தம் அப்படி.

எதுக்கு மதுரைக்கு வந்தேன்னு நீங்க கேட்கலேன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். ஒரு டாக்டரைப் பார்க்க வந்தேன். வைத்தியத்துக்கு இல்ல. எனக்கு ஒரு நோயும் கிடையாது. தீர்ப்புக்கு வந்தேன்.

அதைச் சொல்லணும்னா முதல்ல வடையைச் சொல்லணும்.

எனக்கு ஒரே தங்கச்சி, வேலுத்தாய். அவளைக் கட்டினவன் சங்கிலி. அவனை என் மாப்பிள்ளைன்னு சொல்லிக்க இப்ப எனக்கு இஷ்டமில்ல, ஆனா முறை அதுதான். அவங்களுக்கு ஒரே பொண்ணு, அன்னமயில். எனக்குப் பொம்பளைப் பிள்ளை கிடையாது. அவ நடக்கப் பழகினது என் விரலைப் பிடிச்சுத்தான். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். முதல் பந்தியில எனக்கு இடம். "மச்சான், வாங்க"ன்னு சங்கிலியே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சான். உட்கார வச்சுட்டு என்ன செஞ்சான் தெரியுமா?

தலைவாழை இலை போட்டாங்க. நீங்க சாப்பிடாத பந்தியா? நுனி நம்ம இடது கைப் பக்கம் இருக்கணும். உப்பு, ஊறுகாய், கேசரி, வடை, அப்பளம், உருளைக்கிழங்கு, எல்லாம் அந்தப் பக்கத்துலதான் வந்து உட்காரும். என் இலையில என்ன இருந்துச்சு? சோறு. சாம்பார். வலது ஓரத்துல ஒரு கரண்டி அவியல். அவ்வளவுதான். உப்பு இல்ல. ஊறுகாய் இல்ல. கேசரி இல்ல. வடை இல்ல அண்ணாச்சி, வடை இல்ல!

சரி, வருவான்னு பொறுத்துப் பார்த்தேன். எனக்கு வலது பக்கம் ஒரு ஆள் கேசரியை வழிச்சு வழிச்சுத் திங்கிறார். அவர் யாரு? பொண்ணுக்கு மாமனா, சித்தப்பனா? மைக் செட்டுக்காரர். மைக் செட்டுக்காரருக்குக் கேசரி உண்டு, தாய்மாமனுக்கு இல்ல.

பரிமாறுறவனைக் கூப்பிட்டு, "எங்கடா வடை?"ன்னேன். "வச்சாச்சே பெரியவரே"ங்கிறான். மூஞ்சிக்கு நேராப் பொய்! "எங்க வச்சே, உங்க வீட்டுலயா?"ன்னேன். "இலையிலதான் இருக்கு, பாருங்க"ங்கிறான்.

எந்திரிச்சுட்டேன். பாதிச் சாப்பாட்டுல தாய்மாமன் எந்திரிச்சா அந்தக் கல்யாணத்துக்கு என்ன மரியாதை? பந்தியே கையை நிறுத்திடுச்சு. சங்கிலி ஓடி வந்தான். "ஏன் மாப்பிள்ளை, எனக்கு ஒரு வடை வைக்க உனக்கு மனசு வரலையா?"ன்னு கேட்டேன். அவன் இலையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடி இலையைப் பார்க்கிறான். வாயே திறக்கல. தப்புப் பண்ணினவனுக்கு எப்படி வாய் வரும்?

இனிமேதான் இருக்கு கூத்து. பந்தியைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனேன், பரிமாறுறவங்க நிக்கிற பக்கம். அங்க நின்னு என் இலையைப் பார்க்கிறேன். வடை இருக்கு! உப்பு, ஊறுகாய், கேசரி எல்லாம் வரிசையா ஜம்முனு உட்கார்ந்திருக்கு! நான் சுத்தி வர்ற அந்த நேரத்துக்குள்ள வச்சுட்டானுங்க. வச்சதோட விட்டானுங்களா? முதல்ல இருந்த அவியலைக் காணோம்! வடை வைக்கிற அவசரத்துல அவியலை வழிச்சு எடுத்துட்டானுங்க. என்ன கைவேகம் பாருங்க. வித்தை காட்டுறவன் தோத்தான்.

ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கேட்டேன், "அவியல் எங்கடா?"ன்னு. அப்பத்தான் கல்யாண மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தன் சொன்னான். "விடுங்கப்பா, தலையில அடிபட்ட ஆளு."

அந்த வார்த்தைதான் அண்ணாச்சி. வடை போனாப் போகுது. அந்த வார்த்தைக்கு சங்கிலி ஒரு பதில் சொல்லியிருக்கணுமா இல்லையா? "எங்க மச்சானை அப்படிப் பேசாதே"ன்னு? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அன்னைக்கு அந்த மண்டபத்தை விட்டு வந்தவன்தான். அவன் வீட்டுப் படியை இன்னும் மிதிக்கல, அவன் முகத்தை இன்னும் பார்க்கல.

ஏன் அந்தப் பக்கமே பார்க்கிறீங்க? தெரிஞ்சவங்க யாரும் நிக்கிறாங்களா? இல்லையா? சரி. யாருக்கோ தலையை ஆட்டுனீங்களேன்னு கேட்டேன்.

தலையில எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்கிறீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது. கடையை முடிச்சுட்டு என் மொபெட்டுல வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தேன். தீப்பெட்டி பண்டல் ஏத்தின வேன் ஒண்ணு பின்னாடியே வந்து இடிச்சுத் தள்ளிடுச்சு. வலது பக்கம் மண்டை ரோட்டுல மோதி, உள்ள ரத்தம் கட்டி, ஆபரேஷன் பண்ணினாங்க. இங்க தடவிப் பாருங்க, இந்தப் பள்ளம். பிழைக்க மாட்டான்னு சொன்னாங்களாம். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். அதுக்கு அப்புறம் என்கிட்ட ஒரு குறையும் கிடையாது. என் வீட்டுக் கதவு நிலையிலதான் குறை. அது கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகருது. இடது தோளில இடிக்குது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அளந்து பார்த்துட்டு, சரியாத்தான் இருக்குன்னான். அவனும் சங்கிலிக்கு வேண்டியவன்.

வேன்காரன் மேல கேஸ் நடக்குது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு டாக்டரை வச்சு, "இவருக்கு ஒண்ணுமே இல்லை"ன்னு எழுதி வாங்கிடுச்சு. என் வக்கீல் ஒரு டாக்டரை வச்சு, "இவருக்கு மூளையே சரியில்லை"ன்னு எழுதி வாங்கிட்டாரு. எனக்கு யார் மேல கோபம் வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? என் வக்கீல் மேலதான். கம்பெனி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம்னு இருந்துச்சு. ஜட்ஜ் ரெண்டையும் பார்த்துட்டு, "இவங்களும் வேண்டாம், அவங்களும் வேண்டாம், ரெண்டு பக்கமும் சேராத ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்"ன்னுட்டார். மூளையும் நரம்பும் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தங்க மதுரையில இருக்காங்களாம். அவங்க சொல்றதுதான் முடிவு.

கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நடுவுல நிக்கிற ஆள் ஒருத்தர் என்னைப் பார்த்து, "இவர் தலை நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன? இலையில வடை இல்லைன்னு நான் சொன்னது நிஜம்னு ஆயிடும்ல? சங்கிலி தலையைக் குனிஞ்சு நிக்கிற இடத்துல நிக்கட்டும்.

வக்கீல் நேத்து போன் பண்ணி, "ஐயா, அங்க போய் நல்லா இருக்கேன்னு சொல்லித் தொலைச்சுடாதீங்க"ன்னார். "தம்பி, நான் நல்லா இருக்கேன்னு நிரூபிக்கத்தான் போறேன், கேஸ் உங்க பாடு"ன்னு வச்சுட்டேன்.

திருமங்கலம் தாண்டிடுச்சா? இந்த பஸ்ஸுக்குக் கண்டக்டரே கிடையாது போல. என்ன? எனக்கும் டிக்கெட் எடுத்தாச்சா? நீங்களா எடுத்தீங்க? எதுக்கு அண்ணாச்சி உங்களுக்கு இந்தச் சிரமம்? முன்னப் பின்ன பழக்கமில்லாத நீங்க என்னைக் கவனிக்கிறீங்க. கூடப் பிறந்தவ புருஷன் வடையை ஒளிக்கிறான்.

தண்ணியும் குடுக்குறீங்களே! கேட்கவே இல்ல நான். எங்க வீட்டு பாட்டில் மாதிரியே இருக்கு, அதே பச்சை மூடி. சீனியம்மாவும் இப்படித்தான் மூடியில நூல் சுத்தி வைப்பா. உங்க வீட்டுலயும் அப்படித்தானா? பொம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரிதான்.

அவளைப் பத்திச் சொல்லணும். கல்யாணத்துக்கு அப்புறம் அவளும் இந்த வேலையை ஆரம்பிச்சா. தட்டுல சோறு இருக்கும், தொட்டுக்க ஒண்ணும் இருக்காது. "அந்தச் சங்கிலி சொல்லிக் குடுத்தானா?"ன்னு ஒரு நாள் தட்டை எத்திட்டேன். அன்னையிலிருந்து வழிக்கு வந்துட்டா. நான் பாதி சாப்பிட்டு முடிச்சதும் பக்கத்துல வந்து தட்டில கையை வைப்பா, தட்டு லேசா ஒரு சுத்துச் சுத்தும், பார்த்தா பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் புதுசா வந்திருக்கும். ராஜாவுக்கு வைக்கிற மாதிரி ரெண்டு தவணையா வைக்கிறா. பொம்பளையைத் திருத்தினேன். பொம்பளையைத் திருத்திட்டேன், கதவு நிலையைத்தான் திருத்த முடியல.

டாக்டரம்மா கதைக்கு வர்றேன். சின்ன வயசுதான். "உட்காருங்க ஐயா, உங்க கூட வந்தவரும் உட்காரலாம்"ன்னாங்க. "நான் தனியா வந்திருக்கேன் டாக்டரம்மா"ன்னேன். அவங்க என்னைப் பார்த்தாங்க, அப்புறம் வெறும் சுவரைப் பார்த்தாங்க, சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டுனாங்க, ஏதோ எழுதினாங்க. மூளை டாக்டர்கள் கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்கன்னு நான் பெரிசா எடுத்துக்கல.

முதல்லயே சொல்லிட்டாங்க. "ஐயா, நான் உங்க பக்கமும் இல்ல, கம்பெனி பக்கமும் இல்ல. உங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போறதும் இல்ல. பார்த்ததை அப்படியே கோர்ட்டுக்கு எழுதுறதுதான் என் வேலை." எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தராசு முள்ளு மாதிரிப் பேசினாங்க.

ஒரு தாளில கோடு போட்டு, நடுவுல ஒரு புள்ளி வைக்கச் சொன்னாங்க. என்கிட்ட! காலமெல்லாம் தராசு பிடிச்ச கையில போய் நடு எங்கேன்னு கேட்டா? ஒரே வீச்சுல வச்சேன். அவங்க ஸ்கேலை வச்சு அளந்து பார்த்தாங்க. இன்னொரு கோடு போட்டாங்க. அதிலயும் வச்சேன். மறுபடி அளந்தாங்க. "இப்படி நடுவைப் பிடிக்கிற ஆளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க"ன்னேன். "உண்மைதான் ஐயா"ன்னாங்க.

கடிகாரம் வரையச் சொன்னாங்க. நான் படிச்சது கொஞ்சம்தான், ஆனா கடிகாரம் தெரியாதா? வட்டம் போட்டு, ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஒண்ணு விடாம எழுதினேன். ஒரு பக்கமாக் கொஞ்சம் நெருக்கியடிச்சு எழுத வேண்டியதாப் போச்சு. இந்தப் பக்கம் இடம் பத்தல. வட்டத்தைப் பெரிசாப் போட்டிருக்கணும், அது ஒண்ணுதான் என் தப்பு.

அப்புறம் கண்ணை மூடச் சொல்லிட்டு, கையைத் தொட்டுத் தொட்டு "எந்தக் கை?"ன்னு கேட்டாங்க. வலதுன்னேன், சரி. இடதுன்னேன், சரி. அப்புறம் பாருங்க, வலது கையை மட்டும் தொட்டுட்டு, "இப்ப ரெண்டு கையையும் தொட்டேன் ஐயா"ங்கிறாங்க. "இல்ல டாக்டரம்மா, ஒரு கைதான்"னேன். மறுபடி தொட்டாங்க. மறுபடியும் ஒரு கைதான். மறுபடியும் "ரெண்டு கை"ங்கிறாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. பரிமாறினவன் சொன்ன அதே பேச்சு. வச்சாச்சே, தொட்டேனே! இவங்களையும் சங்கிலி பார்த்துட்டானோன்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்களுக்கு வடை போகல.

கடைசியில என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. "ஐயா, உங்க கண்ணு நல்லா இருக்கு. கை, கால் பலமா இருக்கு. ஞாபகம் நல்லா இருக்கு"ன்னாங்க. போதும்னு எந்திரிச்சேன். "இன்னும் முடிக்கல, உட்காருங்க"ன்னாங்க. "அடிபட்டது தலையோட வலது பக்கம். அதனால இடது பக்கத்துல இருக்கிறதை உங்க மூளை கவனிக்க மறந்துடுது. கண்ணுக்குத் தெரியும், ஆனா இருக்குன்னு உங்களுக்குத் தோணாது. இல்லேங்கிறதும் தோணாது. இது உங்க தப்பு இல்ல. இதைத்தான் நான் கோர்ட்டுக்கு எழுதப் போறேன்."

அப்புறம் கேட்டேன். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அப்படின்னா அந்த இலையில வடை இருந்துச்சா?"

"எந்த இலை?"ன்னாங்க. எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்டச் சொன்ன மாதிரியே சொன்னேன், மைக் செட்டுக்காரர் கேசரி தின்னது வரைக்கும். அவங்க சிரிக்கல. நீங்க சிரிச்சீங்க, அவங்க சிரிக்கல. "அந்த இலையை நான் பார்க்கலையே ஐயா. இருந்திருக்கலாம்"ன்னாங்க.

இருந்திருக்கலாம்! இது ஒரு தீர்ப்பா? இருந்துச்சுன்னு சொல்லு, இல்ல இல்லேன்னு சொல்லு. இருந்துச்சுன்னா நான் சங்கிலி கால்ல போய் விழணும். இல்லேன்னா அவன் வந்து என் கால்ல விழணும். இருந்திருக்கலாம்னா யார் யார் கால்ல விழுறது?

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு அவசரம் இருக்கு அண்ணாச்சி. வர்ற ஞாயித்துக்கிழமை அன்னமயிலுக்கு வளைகாப்பு. பிள்ளை போன் பண்ணி அழுதா. "மாமா, முதல் வளையல் நீங்க எடுத்துக் குடுக்கலேன்னா நான் கையை நீட்ட மாட்டேன், எல்லாரும் அப்படியே எந்திரிச்சுப் போகட்டும்"ங்கிறா. பிடிவாதம். யார் வளர்த்த பிள்ளை? நான் சொன்னேன், "உங்க அப்பன் என் வீட்டுக்கு வந்து, வடை வைக்கலேன்னு ஒரே ஒரு வார்த்தை ஒத்துக்கட்டும். அடுத்த நிமிஷம் வர்றேன்"னு. அதுக்கு அந்தச் சங்கிலி என்ன சொல்லி அனுப்பினான் தெரியுமா? "என் கையால வச்ச வடையை வைக்கலேன்னு எப்படிச் சொல்றது?"ன்னு. இவன் கையாலயே வச்சானாம்! அழுத்தக்காரன். முப்பது வருஷமா அப்படித்தான். சீட்டு விளையாடினாலும் தோத்துட்டேன்னு சொல்ல மாட்டான்.

பிள்ளை கையை நீட்டாம உட்கார்ந்திருக்கிறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. ஆனா நானாப் போய் நின்னா, "பார்த்தியா, தலையில அடிபட்ட ஆளு, எல்லாத்தையும் மறந்துட்டு வந்துட்டான்"னு சொல்ல மாட்டானுங்களா? அதுக்குத்தான் இந்த டாக்டரம்மாவை மலை மாதிரி நம்பினேன். இருந்திருக்கலாமாம்.

கோபத்துல விருட்டுனு வெளிய வந்துட்டேன். என் காலைத்தானே பார்க்கிறீங்க? பார்த்தேன், பார்த்தேன். வாசல்ல ஒரு செருப்புதான் கிடந்துச்சு. ஒத்தைச் செருப்பைத் திருடுற ஊரு வேற எங்கயாவது உண்டா? மரியாதை தெரிஞ்ச ஊருன்னு சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

அது சாத்தூர்ப் பாலமா? வந்துடுச்சே. பேசிக்கிட்டே வந்ததுல தெரியல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் எந்திரிக்கிறப்ப அந்தம்மா என் கையில ஒரு கயிறு கட்டினாங்க. சிவப்புக் கயிறு. "இது கோர்ட்டுக்கு இல்ல ஐயா, உங்களுக்கு"ன்னாங்க. "சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, ரோட்டைக் கடந்தாலும் சரி, முதல்ல இந்தக் கயிறு கண்ணுல படுற வரைக்கும் தலையைத் திருப்புங்க. அதுக்கு அப்புறம் எது இருக்கு, எது இல்லேன்னு சொல்லுங்க." அவ்வளவு படிச்சவங்க, குறி சொல்ற கோடாங்கி மாதிரிக் கயிறு கட்டி அனுப்புறாங்க!

கயிறைப் பார்க்கணுமா? நல்ல ஆளு நீங்க. வேணும்னா பாருங்க, இதோ... இந்தக் கையில இல்ல. அந்தக் கையில. இருங்க. கை எங்க போச்சு? சிரிக்காதீங்க, இங்கதான் இருக்கும். தோள் இருக்கு... முழங்கை இருக்கு... கூட்டிட்டு வந்த கை எங்க போகும்... ஆ, இந்தா, கயிறு.

இது என் கைதான். இது யாரு மடி?

அண்ணாச்சி. இது யாரு மடி?

...

சங்கிலி! நீ எப்படா இங்க வந்தே?

மதுரையிலிருந்தா? என்னது, காலையில போகும்போதும் வந்தியா? ரோட்டுல கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினது நீயா? டாக்டரம்மா சுவரைப் பார்த்துப் பேசினது உன்கிட்டயா? இந்தத் தண்ணி பாட்டில்? சீனியம்மா குடுத்து விட்டாளா! அதான் காலையில ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையா அவ? வீட்டுக்குப் போய் வச்சுக்கிறேன்.

உங்களுக்கும் தெரியுமா அண்ணாச்சி? பஸ்ஸுல ஏறினதிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா? வாயில விரலை வச்சுக் காட்டினானா? நானும் அவனை அழுத்தக்காரன், ஒளிச்சவன்னு... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே? சரி, கேட்டா கேட்டுக்கோ. முகத்துக்கு நேராச் சொல்ல வேண்டியதுதானே அது எல்லாம். நேராத்தான் சொல்லியிருக்கேன்.

பேசாம வந்தது எதுக்கு? நான் பேசினாத்தான் பேசுறதுன்னு வைராக்கியமா? அப்படியே இரு.

அது என்ன உன் மடியில? துண்டுல சுத்தி வச்சிருக்கியே, என்ன அது?

மாப்பிள்ளை... அது என் செருப்பு.

அடேய், கீழ போடு. முதல்ல கீழ போடு. என் தங்கச்சியைக் கட்டினவன் என் செருப்பைத் தூக்கிக்கிட்டு மதுரைத் தெருவுல நடந்தியா? நான் ஒத்தைச் செருப்போட போறேன்னா கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே! கூப்பிட்டா நான் உன்னை அந்த இடத்திலயே விரட்டியிருப்பேனா? ஆமா, விரட்டியிருப்பேன். அது நிஜம். வேண்டாம், நீ போட்டு விடாதே, எடு கையை. நானே போட்டுக்கிறேன். கால் எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியும். கயிறு இருக்கிற பக்கம்.

என்ன முணுமுணுக்கிறே? சத்தமாச் சொல்லு, அண்ணாச்சிக்கும் கேட்கட்டும்.

கேட்டீங்களா அண்ணாச்சி? வடை வைக்கலையாம். "வைக்கல மச்சான், போதுமா, வாங்க"ங்கிறான்! இத்தனை நாளா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லிட்டான். செருப்பைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னா அதை எப்படி நான் சந்தோஷமா வாங்கிக்கிறது? சப்புன்னு போச்சு.

வேண்டாம் மாப்பிள்ளை. அந்த வார்த்தையை நீயே வச்சுக்கோ. வச்சியோ வைக்கலையோ, இருந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நடுவுல நிக்கிற ஆள் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். பிள்ளைகிட்டச் சொல்லு, கையை நீட்டிக்கிட்டு உட்காரணும்னு. ஆனா ஒரு கண்டிஷன். பந்தியில எனக்கு இடது பக்கம் நீதான் உட்காரணும். வேற எவனும் உட்காரக் கூடாது. என் இலையில அந்தப் பக்கம் ஏதாவது குறைஞ்சா நேரா உன்னைத்தான் கேட்பேன். இலையைத் திருப்பிப் போட்டு வசதி பண்ணித் தர்றேன்னு மட்டும் கிளம்பிடாதே, நல்ல காரியத்துல நுனியை மாத்திப் போடக் கூடாது. தலையில அடிபட்ட எனக்கே அது தெரியுது.

சரி, நிறுத்திட்டான், எந்திரி. நீ முன்னாடி போ. முன்னாடி வேண்டாம், இந்தப் பக்கமே நட. கயிறு பக்கம்.

வர்றேன் அண்ணாச்சி. டிக்கெட்டுக்கு நன்றி சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கிறேன், இவன்தான் எடுத்தானாம். நீங்க நல்லா இருக்கணும். ஒண்ணு மட்டும் நீங்க மனசுல வச்சுக்கிட்டு யோசிச்சுப் பாருங்க. வடை இருந்திருக்கலாம், நான் ஒத்துக்கிறேன். ஆனா அந்த அவியலை எடுத்தவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் பதில் சொல்லல.